முதலில் பண்ணை எண், பிறகு மானியம்: அமெரிக்கக் கவுண்டியில் அரசு விவசாய உதவி பெறும் வழி

அமெரிக்காவில் விவசாயத்துக்கு ஃபெடரல் அரசு தரும் உதவி பெரும்பாலும் ஒரே கட்டடத்தின் வழியாகத்தான் வருகிறது. அதன் பலகையில் 'யு.எஸ்.டி.ஏ. சர்வீஸ் சென்டர்' என்று எழுதியிருக்கும். யு.எஸ்.டி.ஏ. என்பது அமெரிக்க வேளாண் துறை. நாடு முழுக்க இப்படி 2,300-க்கும் மேற்பட்ட அலுவலகங்கள் உள்ளன. ஆள் குறைவான பகுதிகளில் இரண்டு மூன்று கவுண்டிகளுக்குச் (நம்மூர் மாவட்டம் போன்ற பிரிவு) சேர்த்து ஒரே அலுவலகம் இருக்கும். ஃபார்மர்ஸ் டாட் கவ் தளத்தில் கவுண்டியின் பெயரைக் கொடுத்தால் முகவரியும் தொலைபேசி எண்ணும் கிடைத்துவிடும்.

டாலஸ், ஆஸ்டின், ஹூஸ்டன் பக்கம் வேலை பார்த்துக்கொண்டே புறநகரைத் தாண்டிப் பத்து இருபது ஏக்கர் வாங்கும் நம்மவர்கள் இருக்கிறார்கள். நிலம் கைக்கு வந்ததும் இணையத்தில் 'மானியம்' என்று தேடுவார்கள். திட்டங்களின் சுருக்கப் பெயர்கள் சரம் சரமாக வந்து விழும். எது தமக்கு என்று தெரியாது. அந்தப் பட்டியலை மனப்பாடம் செய்யத் தேவையே இல்லை. எந்த அலுவலகத்தில் எதை முதலில் கேட்பது, எதைச் செய்த பிறகு எதைச் செய்வது என்ற வரிசை தெரிந்தால் போதும். பணத்தை இழப்பவர்களில் பலர் தகுதி இல்லாமல் இழப்பதில்லை, வரிசையை மாற்றிச் செய்ததால் இழக்கிறார்கள்.

ஒரே கூரையின் கீழ் யார் யார்?

சர்வீஸ் சென்டருக்குள் இரண்டு துறைகள் அடுத்தடுத்து இருக்கும். ஒன்று ஃபார்ம் சர்வீஸ் ஏஜென்சி, சுருக்கமாக எஃப்.எஸ்.ஏ. பண்ணைப் பதிவேடு, கடன், பேரிடர் இழப்பீடு, விலை ஆதரவு எல்லாம் இவர்கள் கையில். உள்ளூர் விவசாயிகள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் கவுண்டிக் கமிட்டி ஒன்று இதற்கு உண்டு. அதில் 3 முதல் 11 பேர் வரை இருப்பார்கள், பதவிக்காலம் 3 ஆண்டு.

இன்னொன்று நேச்சுரல் ரிசோர்சஸ் கன்சர்வேஷன் சர்வீஸ், அதாவது என்.ஆர்.சி.எஸ். மண், நீர், மேய்ச்சல் நிலம் ஆகியவற்றைக் காப்பதற்கான தொழில்நுட்ப ஆலோசனையும் அதற்கான பணமும் இங்கே. 1930-களில் நடு அமெரிக்கச் சமவெளிகளின் மேல்மண் புழுதிப் புயலாகப் பறந்து தலைநகர் வாஷிங்டன் வரை போனபோது, ஹியூ ஹேமண்ட் பென்னட் என்ற மண்ணியலாளர் ஓயாமல் வாதாடியதன் பலனாக 1935-இல் சாயில் கன்சர்வேஷன் சர்வீஸ் என்ற பெயரில் பிறந்த துறை இது. 1994-இல் இன்றைய பெயரைப் பெற்றது. இந்த வரலாறு தெரிந்திருப்பது நல்லது. 'உங்கள் நிலத்தில் என்ன கெட்டுப்போகிறது?' என்பதுதான் இன்றைக்கும் இவர்கள் கேட்கும் முதல் கேள்வி.

பல ஊர்களில் அதே கட்டடத்தில் மூன்றாவதாக மண்-நீர்ப் பாதுகாப்பு மாவட்டத்தின் அலுவலகமும் இருக்கும். இது ஃபெடரல் துறை இல்லை, மாநிலச் சட்டப்படி அமைந்த உள்ளாட்சி அமைப்பு. நாடு முழுக்க ஏறத்தாழ 3,000, டெக்சஸில் மட்டும் 216. சில மாவட்டங்கள் விதைக்கும் கருவியை நாள் வாடகைக்குத் தருகின்றன, சில மரக்கன்று விற்கின்றன, சில மாநில அரசின் மானியத்தைக் கையாள்கின்றன. புதிதாகப் போகிறவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் விட்டுவிடும் இடம் இதுதான். சிறு நிலம் வைத்திருப்பவருக்குக் கைக்கு எட்டும் உதவி சில நேரம் இங்கிருந்துதான் முதலில் வரும்.

கவுண்டி எக்ஸ்டென்ஷன் அலுவலகம் வேறு. 1914-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி பல்கலைக்கழகங்களோடு இணைந்து நடப்பது அது. டெக்சஸில் ஏ அண்ட் எம் அக்ரிலைஃப். மண் பரிசோதனை, பூச்சி, ரகத் தேர்வு பற்றி அங்கே கேட்கலாம். மானியம் அங்கே கிடையாது.

பண்ணை எண் இல்லாமல் எதுவும் நகராது

எந்தத் திட்டமாக இருந்தாலும் எஃப்.எஸ்.ஏ. பதிவேட்டில் உங்கள் நிலமும் நீங்களும் ஏறியிருக்க வேண்டும். நிலத்துக்கு ஒரு பண்ணை எண், அதற்குள் துண்டு எண், அதற்குள் வயல் எண் என்று வரும். நம்மூர்க் கணக்கில் சொன்னால், பத்திரம் உங்கள் கையில் இருப்பது பட்டா மாதிரி, எஃப்.எஸ்.ஏ. பதிவேடு அடங்கல் மாதிரி. எந்த வயலில் இந்த ஆண்டு என்ன பயிர், எத்தனை ஏக்கர் என்பதுதான் அங்கே பேச்சு. கவுண்டி நீதிமன்றத்தில் பத்திரம் பதிவானால் எஃப்.எஸ்.ஏ.வுக்குத் தானாகத் தெரிந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். நீங்கள் போய்ச் சொல்ல வேண்டும்.

பெரிய பண்ணையிலிருந்து ஒரு துண்டை வாங்கியிருந்தால் பழைய பண்ணை எண்ணைப் பிரிக்க வேண்டியிருக்கும். நிலத்தோடு ஒட்டிய பழைய பயிர்ப்பரப்பு உரிமைகளும் அப்போது பிரியும். ஆகவே வாங்குவதற்கு முன்பே விற்பவரிடம் பண்ணை எண்ணையும் எஃப்.எஸ்.ஏ.-156-இ.இசட். என்ற ஒரு பக்கச் சுருக்கத்தையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்த நிலம் ஏற்கெனவே ஏதாவது பாதுகாப்பு ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஒப்பந்தம் தானாக உங்கள் பெயருக்கு மாறாது, அதை நீங்கள் எழுத்தில் ஏற்க வேண்டும். நீங்கள் அதை ஏற்காவிட்டால், முன்பு கொடுத்த பணத்தை அரசு விற்றவரிடம் திருப்பிக் கேட்கும். அந்தத் தகராறு உங்கள் வாசலுக்கும் வந்து சேரும்.

முன்கூட்டியே தொலைபேசியில் பேசி நேரம் வாங்கிக்கொள்ளுங்கள். 'நான் புதிய விவசாயி, பண்ணை எண் வேண்டும், பிறகு என்.ஆர்.சி.எஸ். ஆளையும் பார்க்க வேண்டும்' என்று சொன்னால் போதும். எடுத்துப்போக வேண்டியவை:

- அடையாள அட்டை, சோஷியல் செக்யூரிட்டி எண். நிலம் நிறுவனத்தின் பெயரில் இருந்தால் அதன் வரி எண்.
- பத்திரம். குத்தகை என்றால் கையெழுத்தான எழுத்துக் குத்தகை.
- எல்.எல்.சி. (வரையறுத்த பொறுப்பு நிறுவனம்) என்றால் அமைப்பு ஆவணம், நடைமுறை ஒப்பந்தம், உறுப்பினர் ஒவ்வொருவரின் பங்கு விழுக்காடு, யார் கையெழுத்துப் போடலாம் என்பதற்கான சான்று.
- பணம் நேராக வந்து சேர வங்கிக் கணக்கு விவரம்.

அங்கே நிரப்பித் தரவேண்டிய படிவங்கள் நான்கைந்து இருக்கும். ஏ.டி.-2047 உங்கள் பெயர், முகவரி விவரம். சி.சி.சி.-902 பண்ணையை யார் நடத்துகிறார், நிலம், முதல், உழைப்பு யாருடையது என்ற விவரம். நிறுவனமாக இருந்தால் உறுப்பினர்களுக்கு சி.சி.சி.-901. சி.சி.சி.-941 வருமான உச்சவரம்புச் சான்று. சராசரி ஆண்டு வருமானம் 9 லட்சம் டாலரைத் தாண்டவில்லை என்று நீங்கள் சொல்வதை வரித்துறையிடம் சரிபார்க்க இதில் அனுமதி தருகிறீர்கள். விவசாயத்துக்கு வந்து பத்து ஆண்டு ஆகாதவர் என்று சான்றளிக்க சி.சி.சி.-860. இதை மறக்காமல் கேட்டு வாங்குங்கள்; பின்னால் வரும் பணக் கணக்கில் இது பெரிய வித்தியாசம் செய்யும்.

இந்த இடத்தில் தமிழர்களுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு: பெயர். பத்திரத்தில் தலைப்பெழுத்தோடு ஒரு பெயர், சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் அப்பா பெயர் கடைசிப் பெயராக, கிரீன் கார்டில் முதற்பெயர் இடம் வெற்றாக. வருமானச் சான்று வரித்துறைக்குப் போகும்போது பெயரும் எண்ணும் ஓர் எழுத்து பிசகினாலும் 'பொருந்தவில்லை' என்று திரும்பி வரும். அதற்குள் அந்த ஆண்டின் தகுதிக் கெடு முடிந்துவிடலாம். வரித்தாக்கலில் எப்படி இருக்கிறதோ அப்படியே எல்லாப் படிவத்திலும் எழுதுங்கள். பத்திரத்தில் வேறாக இருந்தால், இருவரும் ஒருவரே என்று நோட்டரி முன் கையெழுத்திட்ட உறுதிமொழி ஒன்றை முதல் நாளே எடுத்துப்போங்கள். கணவன், மனைவி இருவர் பெயரிலும் நிலம் இருந்தால் விண்ணப்பம் ஒருவர் பெயரிலா, இருவர் பெயரிலா என்பதையும் அன்றைக்கே முடிவுசெய்ய வேண்டும்.

வெளியே வரும்போது, என்ன கேட்டீர்கள், அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எழுதிய ரசீது ஒன்று கேளுங்கள். 'ரிசீட் ஃபார் சர்வீஸ்' என்று அதற்குப் பெயர். கேட்டால் தர வேண்டும் என்பது சட்டம். பின்னால் கெடு பற்றிய வாக்குவாதம் வந்தால் அந்தத் தாள் பேசும்.

ஏ.டி.-1026: சின்னப் படிவம், பெரிய விளைவு

ஒரே ஒரு படிவத்தை மட்டும் வரிக்கு வரி படித்துக் கையெழுத்துப் போடுங்கள் என்றால் அது ஏ.டி.-1026-தான். எளிதில் அரிக்கக்கூடிய நிலத்தைப் பாதுகாப்புத் திட்டம் இல்லாமல் உழ மாட்டேன், பயிரிடுவதற்காக ஈரநிலத்தை வடிக்கவோ தூர்க்கவோ மாட்டேன் என்று நீங்கள் அரசுக்குக் கொடுக்கும் வாக்கு அது. 1985-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வந்த விதி.

விளைவு ஒரு வயலோடு நிற்பதில்லை. ஒரு மூலையில் இருக்கும் சதுப்பைப் புல்டோசர் வைத்து நிரவினால், உங்கள் எல்லா நிலத்துக்குமான உதவியும், பயிர்க் காப்பீட்டுப் பிரீமியத்தில் அரசு தரும் பங்கும் சேர்ந்து போய்விடும். வேறு கவுண்டியில் நிலம் இருந்தால் அதற்கும் சேர்த்துத்தான். மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் நிற்கும் பள்ளம்கூட ஈரநிலம் என்ற வரையறைக்குள் வரக்கூடும்; கோடையில் காய்ந்து கிடப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. மரம் வெட்டித் திருத்துவது, வடிகால் போடுவது, சமன்படுத்துவது எதுவானாலும் முதலில் அந்தப் படிவத்தில் 'ஆம்' என்று குறித்துக் கொடுங்கள். என்.ஆர்.சி.எஸ். நிலத்தைப் பார்த்து எழுத்தில் முடிவு சொல்லும். அதுவரை இயந்திரத்தை இறக்காதீர்கள்.

விசாவில் இருந்துகொண்டு நிலம் வாங்கியவர்கள்

இதை நம்மவர்கள் பலருக்கு யாரும் சொல்வதில்லை. அமெரிக்கக் குடிமகனாகவோ கிரீன் கார்டு பெற்றவராகவோ இல்லாதவர் விவசாய நிலம் வாங்கினால், 90 நாளுக்குள் எஃப்.எஸ்.ஏ.-153 என்ற படிவத்தை நிலம் இருக்கும் கவுண்டியின் எஃப்.எஸ்.ஏ. அலுவலகத்தில் தர வேண்டும். எச்-1பி விசாக்காரரும் இதில் அடக்கம். பத்தாண்டு அல்லது அதற்கு மேற்பட்ட குத்தகைக்கும் இது பொருந்தும். மொத்தம் 10 ஏக்கருக்கு மேற்படாமலும் அதிலிருந்து வரும் விளைபொருள் வருமானம் ஆண்டுக்கு 1,000 டாலரைத் தாண்டாமலும் இருந்தால் விலக்கு உண்டு. தவறினால் அபராதம் நிலத்தின் சந்தை மதிப்பில் 25 விழுக்காடு வரை போகலாம். பதிவை முடித்துத் தரும் டைட்டில் கம்பெனி இதை நினைவுபடுத்தும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

எஃப்.எஸ்.ஏ. விவசாயக் கடன் விசாவில் இருப்பவருக்குக் கிடையாது. குடிமக்களும் கிரீன் கார்டு பெற்றவர்களும் கேட்கலாம். வேறு சில தொகைகளுக்கு நிலம், முதல், சொந்த உடலுழைப்பு மூன்றையும் தந்தால்தான் தகுதி. ஆனால் அந்த உடலுழைப்பே விசா விதிக்கு முரணாகலாம். அதனால் விண்ணப்பிக்கும் முன் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரைக் கேட்பது அவசியம்.

பணத்தைக் கேட்காதீர்கள், நிலத்தின் குறையைச் சொல்லுங்கள்

என்.ஆர்.சி.எஸ். மேசையில் உட்கார்ந்து 'எனக்கு ஒரு ஹை டனல் (பாலித்தீன் குடில்) வேண்டும், வேலி வேண்டும்' என்று தொடங்குவது பயன் தராது. அவர்கள் கணக்கில் முதலில் வருவது 'ரிசோர்ஸ் கன்சர்ன்', அதாவது நிலத்தில் உள்ள குறை. மழை பெய்தால் சரிவில் ஓடை விழுகிறதா? ஓடைக்கரையை மாடுகள் மிதித்துச் சரிக்கின்றனவா? மேய்ச்சல் நிலத்தில் மெஸ்கீட் என்ற முள்மரம் பரவிப் புல் செத்துப்போகிறதா? மண் இறுகித் தண்ணீர் உள்ளே இறங்காமல் நிற்கிறதா? குறையும் அதைத் தீர்க்கும் வேலையும் பொருந்தினால்தான் விண்ணப்பத்துக்குப் புள்ளி கிடைக்கும்.

போவதற்கு முன் வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு வேலை உண்டு. வெப் சாயில் சர்வே என்ற இலவசத் தளத்தில் உங்கள் நிலத்தின் எல்லையை வரைந்தால், மண் வகை, சரிவு, வடிகால் தன்மை, எதற்கு ஏற்றது என்பதெல்லாம் வரைபடமாக வரும். அதை அச்சிட்டு எடுத்துப்போங்கள். மழை நாளில் தண்ணீர் ஓடும் பாதையைப் படம் பிடித்து வைத்திருந்தால் இன்னும் நல்லது. அலுவலர் வரும் நாளில் வெயிலாக இருக்கும், அரிப்பு கண்ணில் படாது.

அவர்கள் நிலத்துக்கு வந்து நடந்து பார்த்து, உங்களோடு பேசி, ஒரு பாதுகாப்புத் திட்டம் எழுதித் தருவார்கள். இதற்குக் கட்டணம் இல்லை. பண உதவி எதற்கும் விண்ணப்பிக்காவிட்டாலும் இதைக் கேட்டு வாங்கலாம். பயிற்சி பெற்ற ஒருவர் உங்கள் நிலத்தை ஏக்கர் ஏக்கராகப் பார்த்துச் சொல்வது, கிடைக்கும் மானியத்தைவிட மதிப்புள்ளதாக இருப்பதுண்டு.

எந்தத் திட்டம் எதற்கு?

சிறு, நடுத்தர விவசாயி முதலில் பார்க்க வேண்டியது ஈக்விப், அதாவது நிலத்தின் குறையைத் தீர்க்கும் வேலைகளுக்கு என்.ஆர்.சி.எஸ். செலவில் பங்கு தரும் திட்டம். ஒவ்வொரு வேலைக்கும் ஓர் எண் உண்டு: மூடுபயிர் 340, வேலி 382, ஹை டனல் 325, கால்நடைத் தண்ணீர்த் தொட்டி 614, புதர் ஒழிப்பு 314, திட்டமிட்ட மேய்ச்சல் 528, நுண்ணீர்ப் பாசனம் 441. எண்ணைச் சொன்னால் அலுவலர் உடனே பிடித்துக்கொள்வார். அந்த எண்ணுக்கான தர விதியை வாங்கிப் படியுங்கள். எதற்குக் கிடைக்கும், எதற்குக் கிடைக்காது என்பது அதில்தான் இருக்கிறது.

எடுத்துக்காட்டாக வேலி. மேய்ச்சல் நிலத்தைப் பல பத்திகளாகப் பிரித்து மாடுகளைச் சுழற்சியாக மேய்க்க, அல்லது ஓடைக்குள் மாடு இறங்காமல் தடுக்க வேலி போட்டால் ஏற்பார்கள். பக்கத்து வீட்டு நாய் வருகிறது என்று எல்லை வேலி கேட்டால் கிடைக்காது. ஹை டனல் என்பது இரும்பு வளைவுகளின் மேல் பாலித்தீன் போர்த்திய குடில். குளிர் மாதங்களிலும் கீரை, காய்கறி விளைவிக்க உதவும். அதில் டிராக்டர் நிறுத்துவதோ ஆடு கட்டுவதோ கூடாது. கூரையிலிருந்து வழியும் தண்ணீரை என்ன செய்யப் போகிறீர்கள் என்பதற்கும் பதில் வைத்திருக்க வேண்டும்.

நுண்ணீர்ப் பாசனத்தில் புதியவர்கள் இடறும் விதி ஒன்று: பாசனம் தொடர்பான வேலைகளுக்குப் பொதுவாக அந்த நிலம் முந்தைய 5 ஆண்டுகளில் 2 ஆண்டாவது பாசனம் பெற்றிருக்க வேண்டும். மானாவாரியாகக் கிடந்த கரம்பில் புதிதாகச் சொட்டுநீர் போட இந்தப் பணம் எளிதில் வராது. இருக்கும் தண்ணீரைச் சேமிப்பதுதான் நோக்கம். புதிய நிலத்துக்குத் தண்ணீரை விரிப்பது அல்ல. விலக்குகள் உண்டு, கேட்டுப் பாருங்கள்.

சி.எஸ்.பி. ஏற்கெனவே நன்றாகப் பராமரிப்பவருக்கு, மேலும் ஒரு படி போகத் தரும் ஐந்தாண்டு ஒப்பந்தம். நிலம் வாங்கிய முதல் ஆண்டிலேயே இதற்கு அவசரப்பட வேண்டாம்.

சி.ஆர்.பி. எஃப்.எஸ்.ஏ. நடத்துவது. அரிக்கும் விளைநிலத்தில் பயிரை நிறுத்திப் புல்லோ மரமோ வளர்த்தால் 10 முதல் 15 ஆண்டு வரை ஆண்டு வாடகை தருவார்கள். நிலம் உங்கள் கைக்கு வந்து பொதுவாகப் பன்னிரண்டு மாதம் ஆகியிருக்க வேண்டும். விளைநிலமாக இருந்ததற்குப் பயிர் வரலாறும் வேண்டும். அந்த வரலாறு எஃப்.எஸ்.ஏ. பதிவேட்டில் இல்லையென்றால் கதை அங்கேயே முடிந்தது. ஈரநிலத்தை நிரந்தரமாகவோ 30 ஆண்டுக்கோ ஒதுக்கும் திட்டமும் இருக்கிறது. பேரப்பிள்ளைகள் காலம் வரை கட்டுப்படுத்தும் முடிவு என்பதால் குடும்பத்தோடு பேசாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

காய்கறி வளர்ப்பவர்கள் கேட்க வேண்டிய இன்னொன்று என்.ஏ.பி. உங்கள் கவுண்டியில் காப்பீடு கிடைக்காத பயிர்களுக்கான பாதுகாப்பு இது. அடிப்படை நிலையில் விளைச்சல் இழப்பு பாதிக்கு மேல் போனால், அந்த மேற்பகுதிக்குச் சராசரி விலையில் 55 விழுக்காடு தரும். கட்டணம் பயிருக்கு 325 டாலர், ஒரு கவுண்டிக்கு அதிகபட்சம் 825. புதிய விவசாயிக்கு இந்தக் கட்டணம் இல்லை. விதைப்புக்கு முன்பே ஒரு கடைசி நாள் இருக்கும், பயிருக்குப் பயிர் மாறும். சேதம் தெரிந்து 15 நாளுக்குள் சொல்ல வேண்டும். கையால் பறிக்கும் பயிர் என்றால் 72 மணி நேரத்துக்குள். ஆலங்கட்டி மழையில் அடிபட்ட பாகற்கொடியை அள்ளிப் போட்டுவிட்டு அடுத்த வாரம் போய்ச் சொன்னால் ஒன்றும் நடக்காது. முதலில் தொலைபேசி, பிறகு படம், பிறகுதான் துப்புரவு.

கடன் தேவையென்றால் மைக்ரோலோன் 50,000 டாலர் வரை. பெரிய கடனைவிடத் தாள் வேலை குறைவு.

பணம் எப்படி வருகிறது?

ஈக்விப்பில் '75 விழுக்காடு தருகிறார்கள்' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். உங்கள் பில்லில் 75 விழுக்காடு என்று அதற்குப் பொருள் இல்லை. ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு வேலைக்கும் அடிக்கு இவ்வளவு, சதுர அடிக்கு இவ்வளவு என்று ஆண்டுதோறும் ஓர் அட்டவணை போடுகிறது. மதிப்பிட்ட செலவில் உச்சமாக 75 விழுக்காடு என்பது அந்த அட்டவணைக்குள் இருக்கும் கணக்கு. புதிய விவசாயி, முன்னாள் படைவீரர், வருமானம் குறைந்தவர் ஆகியோருக்கு 90 வரை போகலாம்.

கற்பனைக் கணக்கு ஒன்று. அட்டவணை வேலிக்கு அடிக்கு 2 டாலர் என்கிறது, உங்கள் ஒப்பந்தம் 3,000 அடி. அப்படியானால் 6,000 டாலர். ஒப்பந்தக்காரர் அடிக்கு மூன்றரை டாலர் கேட்டால் செலவு 10,500; மீதி 4,500 உங்கள் பை. வேலை முடிந்து அளக்கும்போது 2,850 அடிதான் இருந்தால் 5,700 மட்டும் வரும். 3,150 அடி போட்டிருந்தாலும் ஒப்பந்தத்தில் உள்ள 3,000 அடிக்குத்தான் தொகை. ஆகவே கையெழுத்துக்கு முன்பே உள்ளூரில் இரண்டு மூன்று விலைப்புள்ளி வாங்கி அட்டவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, பணம் வேலை முடிந்து சரிபார்த்த பிறகுதான் வரும். அதுவரை கையிருப்பு வேண்டும். புதிய விவசாயி முன்பணமாகக் குறைந்தது பாதித் தொகையைக் கேட்கலாம். வாங்கினால் 90 நாளுக்குள் செலவழிக்க வேண்டும். விண்ணப்பத்தின்போதே கேட்காவிட்டால் பின்னால் தொல்லை. கிடைக்கும் தொகை வருமான வரிக் கணக்கில் வரும், 1099-ஜி படிவம் வீட்டுக்கு வரும். வரி பார்ப்பவரிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

கையெழுத்துக்கு முன் கடப்பாரை வேண்டாம்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதானால் இது. இரு தரப்பும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் தொடங்கிய வேலைக்குப் பணம் கிடையாது. வேலி முளை அடித்தால், டனல் கம்பி நட்டால், கிணறு தோண்டினால் போயிற்று. விலக்கு கேட்க வழி உண்டு. ஆனால் அதையும் தொடங்கும் முன்பே எழுத்தில் வாங்க வேண்டும்.

அலுவலர்களின் பிடிவாதம் போலத் தெரியும், காரணம் இருக்கிறது. ஃபெடரல் பணத்தில் மண்ணைத் தோண்டும் முன், அங்கே பழங்காலத் தடயம் உண்டா, அழியும் நிலையில் உள்ள உயிரினம் உண்டா, ஈரநிலம் உண்டா என்று துறை சரிபார்த்தாக வேண்டும். தோண்டிய பிறகு அதைச் சரிபார்க்க முடியாது. அதோடு, தானாகவே நடந்திருக்கும் வேலைக்கு மானியம் தருவது திட்டத்தின் நோக்கமும் இல்லை. தள்ளுபடி விலையில் டனல் பொருள்களை முன்கூட்டியே வாங்கி வைப்பதும் ஆபத்துதான். வாங்கும் முன் அலுவலரிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைச் சேமித்து வையுங்கள்.

கையெழுத்தான பிறகு தூங்கிவிடவும் கூடாது. முதல் 12 மாதத்துக்குள் ஒரு வேலையாவது தொடங்கியிருக்க வேண்டும். போட்டதைப் பராமரிக்கும் காலமும் உண்டு: மூடுபயிருக்கு ஓராண்டு, வேலிக்கு 20 ஆண்டு. இடையில் நிலத்தை விற்றால் வாங்குபவர் அந்தப் பொறுப்பை எழுத்தில் ஏற்க வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் பணத்தைத் திருப்ப நேரும்.

நாட்காட்டி

ஃபெடரல் நிதியாண்டு அக்டோபர் 1-இல் தொடங்குகிறது. ஈக்விப்புக்கு ஆண்டு முழுவதும் விண்ணப்பிக்கலாம். ஆனால் ஒவ்வொரு மாநிலமும் ஒரு வெட்டு நாளை அறிவித்து, அதுவரை வந்தவற்றை ஒன்றாக வரிசைப்படுத்துகிறது. அந்த நாள் பெரும்பாலும் இலையுதிர் காலத்துக்கும் குளிர்காலத்துக்கும் நடுவே வரும். பண்ணை எண், படிவங்கள், வரித்துறைச் சரிபார்ப்பு எல்லாம் அதற்குள் முடிய வேண்டும் என்பதால் கோடையிலேயே முதல் தொலைபேசி அழைப்பைச் செய்துவிடுங்கள். அலுவலகங்களில் ஆள் குறைவு, ஓர் அலுவலர் பல கவுண்டிகளைப் பார்க்கிறார். கடைசி வாரத்தில் போனால் நிலத்தைப் பார்க்க வர அவருக்கு நேரம் இருக்காது, பார்க்காத நிலத்துக்குப் புள்ளி போட முடியாது. பயிர்ப்பரப்பு அறிக்கைக்கு வேறு கெடு: பல கோடைப் பயிர்களுக்கு ஜூலை 15.

'ஏஜி எக்ஸெம்ப்ஷன்' வேறு அலுவலகம்

டெக்சஸில் நிலம் வாங்கிய எல்லாரும் பேசும் சொத்துவரிச் சலுகைக்கும் எஃப்.எஸ்.ஏ.வுக்கும் தொடர்பில்லை. அது சொத்தின் மதிப்பைக் கணக்கிடும் கவுண்டி அப்ரெய்சல் டிஸ்ட்ரிக்ட் தருவது. உண்மையில் அது விலக்கே அல்ல. நிலத்தைச் சந்தை விலைக்குப் பதில் விளைச்சல் மதிப்பில் கணக்கிடும் முறை. முந்தைய 7 ஆண்டில் 5 ஆண்டு விவசாயப் பயன்பாடு வேண்டும், மே 1-க்கு முன் விண்ணப்பிக்க வேண்டும். முந்தைய உரிமையாளர் பெற்றிருந்தாலும் உங்கள் பெயரில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். ஏக்கருக்கு எத்தனை மாடு, எவ்வளவு வைக்கோல் என்ற அளவைக் கவுண்டிக்குக் கவுண்டி வகுத்திருக்கிறார்கள். 5 முதல் 20 ஏக்கர் வைத்திருப்பவருக்குத் தேனீ வளர்ப்பும் ஒரு வழி. பயன்பாட்டை மாற்றி வீட்டுமனையாக்கினால் மூன்று ஆண்டு வரி வித்தியாசத்தைக் கட்ட வேண்டிவரும். மற்ற மாநிலங்களில் விதியும் பெயரும் வேறு.

கிடைக்காவிட்டால்

முதல் ஆண்டில் ஈக்விப் கிடைக்காமல் போவது சகஜம். தகுதி இல்லை என்று எழுத்தில் வந்தால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். நேஷனல் அப்பீல்ஸ் டிவிஷன் என்ற தனி அமைப்பு விசாரிக்கும். தகுதி உண்டு, ஆனால் புள்ளி போதாமல் நிதி எட்டவில்லை என்றால் அது மேல்முறையீட்டுக்குரியது அல்ல. அப்போது விண்ணப்பத்தைத் திரும்பப் பெறாமல் அடுத்த சுற்றுக்குத் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். எந்தக் கேள்வியில் புள்ளி குறைந்தது என்று கேளுங்கள், சொல்வார்கள். வேலி மட்டும் கேட்ட இடத்தில் வேலி, தண்ணீர்த் தொட்டி, மேய்ச்சல் திட்டம் மூன்றையும் சேர்த்து ஒரு முழுத் தீர்வாகக் காட்டினால் புள்ளி ஏறுவதுண்டு. அடுத்த வெட்டு நாளுக்கு இரண்டு மாதம் முன்பே அலுவலரை மறுபடி நிலத்துக்கு அழையுங்கள். முடிந்தால் மழை பெய்த மறுநாள்.